படையெடுப்புக்கு வணிகர் ஒருவரைப் பரிந்துரைக்கும் முறை

போர்க்காலத்தில் படையோடு அனுப்புவதற்காக வணிகர் ஒருவரைப் பரிந்துரைத்துத் தளபதிக்குக் கடிதம் எழுதுவோர், அவருடைய நற்குணங்களை அடுக்குவதைவிட, அவர் எந்த வழித்தடத்தில், யாரிடம், எத்தனை காலமாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறார் என்பதை முதலில் எழுத வேண்டும். ‘செல்வாக்கு உள்ளவர்’ என்று மட்டும் எழுதினால் தளபதிக்கு ஒரு பயனும் இல்லை. எந்தத் துறையில் அவருக்குப் படகு கிடைக்கும், எந்த ஊர்த்தலைவர் அவர் சொல்லை நம்பித் தானியம் கடனாகத் தருவார், எந்த மொழியில் அவரே நேரடியாகப் பேசுவார் என்பனவே தேவை.

1755இல் வட அமெரிக்காவில் பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் பிராடக், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த டியூக்கேன் கோட்டையை நோக்கிப் படை நடத்தியபோது, ஓஹியோ பகுதிப் பழங்குடியினரோடு நெடுநாள் வணிகம் செய்த ஜார்ஜ் குரோகன் உடன் சென்றார். அவர் பழங்குடி வீரர்களை அழைத்து வந்தும், தளபதி அவர்களைப் பெரிதாக மதிக்காததால் கடைசிவரை நின்றவர்கள் சிலரே. ஜூலை 9 அன்று மொனங்கஹேலா ஆற்றருகே படை முறியடிக்கப்பட்டது. ஆகவே, வணிகர் அழைத்து வருவோரை எப்படி நடத்த வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். அந்த வரியைத்தான் பலரும் தயங்கி விட்டுவிடுகிறார்கள்.

வணிகரின் கடனையும் (குரோகனும் அப்போது கடனில் மூழ்கியிருந்தவர்தாம்), எதிர்த்தரப்போடு அவருக்குள்ள வணிகத்தையும், இப்பயணத்தில் அவர் எதிர்பார்க்கும் ஆதாயத்தையும் மறைக்கக் கூடாது. முன்பணம் எவ்வளவு, கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்பவற்றைச் சுருக்கமாகச் சேர்த்து, நேரில் அறிந்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியே எழுத வேண்டும்.