அட்டையில் சாய்ந்த விமானம்

கட்டடக்கலை ஒளிப்படம் குறித்த நூலொன்றுக்கு முகப்பு அட்டை வடிவமைத்தபோது, 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தை, தேர்ந்தெடுத்திருந்தேன். அகலக்கோண லென்ஸை அண்ணாந்து பிடித்து எடுத்த அந்தப் படம் திரையில் கம்பீரமாகத் தெரிந்தது. மாதிரி அச்சிலோ, அட்டையின் நேர்விளிம்புக்கு அருகே, விமானம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் நின்றது.

ஃபோட்டோஷாப்பில் நிமிர்த்தியபோது வேறு சிக்கல் முளைத்தது. விமானம் இயல்பாகவே மேலே குறுகிச் செல்லும் பிரமிடு வடிவம் என்பதை மறந்து (கோயிலைப் பலமுறை பார்த்தவனுக்கு இது வெட்கக்கேடுதான்), அதன் சரிவான விளிம்புகளையே அளவுகோலாகக் கொண்டதால், அது பெட்டிபோல் பருத்துவிட்டது. உண்மையில் செங்குத்தாக இருப்பவை கீழ்ச்சுவரின் அரைத்தூண்களே. அவற்றை மட்டும் நேராக்கியதும் வடிவம் மீண்டது. ஆனால் கலசத்துக்கு மேல் தலைப்பு வைக்க வானம் மிஞ்சவில்லை.

ஆகவே மறுபடியும் சென்று, வளாகத்தின் மூலையொன்றில் எட்ட நின்று, கேமராவைச் சாய்க்காமல் நெடுவாக்கில் எடுத்தேன். படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வெறும் தரைதான். அதை வெட்டி எறிந்த பின்னும், சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு இடத்தோடு (அச்சுக்குப் பின் வெட்டி நீக்கப்படும் கூடுதல் ஓரம்) 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக, அச்சிடப் போதுமான பிக்சல்கள் எஞ்சின.