‘ஸாரி சொல்லு’ என்று அவசரப்படாதீர்கள்

பாம்பனில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள். சண்டை இல்லாத நாள் அபூர்வம். சண்டை வந்தால் பெரியவர்கள் நாம் உடனே இரண்டு பேரையும் இழுத்து நிறுத்தி, “ஸாரி சொல்லு, கை குடு” என்போம். கொடுப்பார்கள். தெருமுனை திரும்பியதும் மறுபடி ஆரம்பிக்கும். அதனால் சமாதானத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் பிள்ளை சாப்பிட்டானா என்று பாருங்கள். 2022-ல் அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. ஆறாவதுக்குப் போகிறவனின் அம்மா விடியுமுன் பாசி எடுக்கவோ மீன் ஏலத்துக்கோ போய்விட்டால், அவன் டீயைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவான். பசியில் இருப்பவனிடம் பொறுமையைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? என்னிடம் வந்ததும் முதலில் சுண்டலோ வேர்க்கடலையோதான், அப்புறம்தான் புத்தகம்.

காலண்டரையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளி திறக்கிற ஜூனில் பல வீடுகளில் கையிருப்பு கரைந்து கடன் பேச்சு நடந்துகொண்டிருக்கும். வீட்டில் கேட்ட குரலைத்தான் பிள்ளை வகுப்பில் எடுத்துவிடுகிறான். விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் கரையில் வாக்குவாதம் நடந்தால், மறுநாள் பெஞ்சிலும் அதே கட்சி பிரிந்திருக்கும்.

கோபம் வருகிற அறிகுறியை அவனே கண்டுபிடிக்க வேண்டும். நல்ல மனநிலையில் இருக்கும்போது கேளுங்கள்: “கோவம் வர்றதுக்கு முன்னாடி உடம்புல எங்கடா தெரியும்?” ஒருவனுக்குக் காது சுடும், ஒருவனுக்குப் பல் நறநறக்கும். ஒரு பெண் பிள்ளை, “தொண்டைய யாரோ புடிக்கிற மாதிரி இருக்கும் டீச்சர்” என்றாள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு உங்களுக்கும் அவனுக்கும் மட்டும் புரிகிற ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது, “கச்சான் கெளம்பிருச்சா?” கச்சான் என்பது இங்கே கடலில் வீசும் ஒரு காற்று. நாலு பேர் முன்னால் கேட்டாலும் காற்றைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும், அவனுக்கு மானம் போகாது. அவன் எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்துவரலாம். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடலாம்; வெளியே விடுகிற மூச்சு நீண்டால் இதயத்துடிப்பு தணியும். தலையணையைக் குத்தச் சொல்லும் யோசனை எனக்குப் பிடிக்காது. அது கோபத்தைக் குறைப்பதில்லை, குத்தத்தான் பழக்கும்.

கோபம் உச்சியில் இருக்கும்போது “ஏன்டா அடிச்ச?” என்று கேட்க வேண்டாம். நிதானிக்க உதவும் மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்ட வேண்டும். அது அடித்ததற்குச் சாக்கு இல்லை. அந்த நிமிடத்தில் கேள்வி ஏறாது, அவ்வளவுதான்.

ஏழாவது படிக்கிற இரண்டு பையன்கள். ஒருவனுடைய அப்பாவை எல்லை தாண்டினார் என்று இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துப் போயிருந்தது. மற்றவன் எல்லோர் முன்னாலும், “உங்கப்பா வந்தாலும் படகு வராதுடா” என்று சொல்லிவிட்டான். சிரிப்பு. அடுத்த நொடி, சொன்னவனுடைய ஜாமெட்ரி பாக்ஸே பறந்து அவன் நெற்றியில் பட்டது.

மீன் பெட்டி ஐஸைத் துண்டில் சுற்றி ஒருவனிடம் கொடுத்தேன். அடுத்தவனைக் கிணற்றடிக்கு அனுப்பினேன். அன்றைக்கு விசாரணை இல்லை. மறுநாள் இருவரையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். எதிரெதிரே உட்கார்ந்தால் முறைப்பில்தான் போகும். விதி ஒன்றுதான்: ஒருவன் பேசும்போது மற்றவன் குறுக்கே பேசக்கூடாது; கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்; பேசினவன் “ஆமா, அதான்” என்ற பிறகே இவன் முறை. “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்கினால் நிறுத்திவிடுவேன். “நீ படகு வராதுன்னு சொன்னப்ப எனக்கு அழுகை வந்துச்சு, அத மறைக்கத்தான் எறிஞ்சேன்” என்று வர இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

மற்றவன் முறை வந்ததும் துண்டின் நூலைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: “எங்கப்பாவும் அந்தப் படகுலதான் கூலிக்குப் போவாரு. அன்னைக்கு மட்டும் போகல. இப்ப எங்க வீட்லயும் வேலை இல்ல.” ‘ஏன் அடித்தாய்’ விசாரணையில் இது வெளியே வந்திருக்காது.

அப்புறம் கேட்க வேண்டியது, “எதைச் சரி பண்ணப் போற?” எறிந்தவன் வீட்டிலிருந்து குறடு கொண்டுவந்து, வளைந்த மூடியை நிமிர்த்திக் கொடுத்தான். கேலி செய்தவன், அன்றைக்குச் சிரித்தவர்கள் முன்னாலேயே, “அந்தப் பேச்சை இனி எடுக்க மாட்டேன்” என்றான். ஸாரி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேலிக்கு ஆளாகிற பிள்ளைக்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள்: “எங்கப்பா பேச்ச எடுக்காத.” சொல்லிவிட்டு நடந்துவிட வேண்டும். வீட்டில் நீங்கள் கேலி செய்பவனாக நின்று, அவனைச் சத்தமாகச் சொல்ல வையுங்கள். வாட்ஸ்அப் குரூப் சண்டை என்றால் பதில் போடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, மறுநாள் நேரில் பேசட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “எங்கண்ணன கூட்டிட்டு வர்றேன்” என்று பிள்ளை கிளம்பினால் அண்ணனை வீட்டிலேயே நிறுத்துங்கள். பிள்ளைகள் மறுநாள் ஒன்றாகக் கிரிக்கெட் ஆடுவார்கள். அண்ணன்கள் நுழைந்தால் அது தெருச் சண்டை.

எல்லாச் சண்டையையும் திண்ணையில் தீர்க்கவும் கூடாது. ஒருவனையே நாலு பேர் தினமும் குறிவைப்பது, சாதி சொல்லித் திட்டுவது, கையில் பிளேடு, கத்தி — இதிலெல்லாம் இருவரையும் சமமாக உட்கார வைத்துப் பேசுவது அநியாயம். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளையின் நோட்டுப் பின்னட்டையில் எழுதி வையுங்கள்.