வளவைத் தாண்டாத வைஃபை: சின்ன மடிக்கணினியில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் செய்ய வேண்டியவை

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்த நாளன்று, பொருத்த வந்தவர் முகப்பின் நிலைக்கதவுக்கு மேலே ரவுட்டரை மாட்டி, தம் கைப்பேசியில் வேகத்தைக் காட்டிவிட்டுப் புறப்பட்டார். முகப்பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் வேலை பார்ப்பது, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவைத் தாண்டி, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டு எனப்படும் இடத்தில். அங்கே என் 11.6 அங்குல மடிக்கணினியில் இணைப்பு பத்து நிமிடம் இருக்கும், இரண்டு நிமிடம் அறும், பிறகு தானாகவே வரும். அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் பெரும்பகுதி, பழுது எங்கே இருக்கிறது என்று பாராமலே கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்ததில் போயிற்று.

ஆகவே இந்த விளக்கத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். இணைப்பு எந்த இடத்தில் அறுகிறது என்பதைக் கண்டறிந்த பின்பே எதையும் மாற்றுங்கள். மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரை நாளாவது பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு அறுந்தது, அப்போது எந்த அறையில் இருந்தீர்கள் என்று குறித்துவருவது, எந்தச் செயலியைக் காட்டிலும் பயன்படும். மெனுப் பெயர்களைத் திரையில் காணும் ஆங்கிலச் சொற்களின் ஒலியிலேயே தந்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பெரும்பாலும் இவை பொருந்தும்.

படி 1: அறுவது எந்தப் பகுதி?

மடிக்கணினியிலிருந்து ஒரு இணையதளம் வரையிலான வழியை இரண்டு பகுதிகளாக எண்ணிக்கொள்ளுங்கள். மடிக்கணினியிலிருந்து ரவுட்டர் வரை காற்றில் செல்வது முதற்பகுதி. ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை ஃபைபரில் செல்வது இரண்டாம் பகுதி. 'வைஃபை வேலை செய்யவில்லை' என்று நாம் சொல்லும்போது பழுது இவற்றில் எதிலும் இருக்கலாம். இரண்டாவதில் பழுது இருந்தால், மடிக்கணினியில் எதை மாற்றினாலும் பயனில்லை.

பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடித் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். வரும் வரிகளில் டீஃபால்ட் கேட்வே என்பதற்கு எதிரே இருக்கும் எண்தான் உங்கள் ரவுட்டரின் முகவரி. பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். இனி பிங் (ping) என்ற கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு அந்த முகவரியையும், மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறுகோட்டையும், அதை ஒட்டி டி (t) என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தையும் சேர்த்து என்டர் அழுத்தினால், நொடிக்கு ஒரு முறை மடிக்கணினி ரவுட்டரைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை மில்லி நொடி ஆயிற்று என்று எழுதிக்கொண்டே போகும். இன்னொரு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, இதையே 8.8.8.8 என்ற முகவரிக்கும் ஓடவிடுங்கள். அது கூகுளின் பொதுச் சேவை முகவரி, எனவே வெளியுலகத்துக்கான அளவுகோலாகக் கொள்ளலாம். நிறுத்துவதற்குக் கன்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

இரண்டையும் அருகருகே வைத்து, இணைப்பு அறும் வரை காத்திருங்கள். ரவுட்டருக்கான வரிகள் 2, 3 மில்லி நொடி என்று அமைதியாக ஓடிக்கொண்டிருக்க, 8.8.8.8க்கான வரிகளில் மட்டும் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்று வந்தால், உங்கள் வைஃபையில் குறையில்லை; பழுது ஃபைபர் பக்கம். ரவுட்டருக்கான வரிகளே 300, 800 என்று துள்ளினாலோ, பதிலின்றிப் போனாலோ, பழுது காற்றுவழிப் பகுதியில் அல்லது மடிக்கணினியில் இருக்கிறது. இரண்டும் ஒழுங்காக ஓடியும் இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் கோளாறு இருக்கலாம். வைஃபை இணைப்பின் பண்புகளில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் இட்டுப் பாருங்கள்.

ஐபிகான்ஃபிக் காட்டும் உங்கள் மடிக்கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை என்று பொருள். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சரியாகாவிட்டால் ரவுட்டரை நிறுத்தி இயக்குங்கள்.

ஃபைபர் பக்கத்துப் பழுதென்றால் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் லாஸ் (LOS) என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச்சமிக்ஞை வந்து சேரவில்லை. சேவை தருவோருக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் அந்தப் பெட்டி முழுதாக மறுபடி எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். உங்கள் நோட்டில் இணைப்பு அறுந்த நேரமும் மின்விசிறி நின்று சுழன்ற நேரமும் ஒன்றாக இருந்தால், ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றே போதும்.

படி 2: வீடே தடையா?

காற்றுவழிப் பகுதியில்தான் பழுது என்று தெரிந்தால், அமைப்புகளைத் தொடுவதற்கு முன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரவுட்டருக்கு ஆறடி தொலைவில் போய் உட்காருங்கள். அதே சோதனையை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அங்கே ஒருமுறைகூட அறவில்லையென்றால் உங்கள் மடிக்கணினி பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது, குற்றவாளி வீடு.

செட்டிநாட்டு வீட்டைக் கட்டியவர்கள் வெயிலையும் திருடனையும் மனத்தில் வைத்துக் கட்டினார்கள். வைஃபையை அவர்கள் எண்ணிப் பார்க்க வழியில்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்த பருத்த சுவர், இந்தக் காலத்து ஒற்றைச் செங்கல் சுவரைவிட வானொலி அலையை அதிகம் உறிஞ்சும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால், அலை அப்படிப்பட்ட பல சுவர்களை வரிசையாகக் கடக்க வேண்டியிருக்கிறது. வைஃபை பேசும் இரண்டு முக்கிய அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைக் கடப்பதில் மேலானது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவருக்குள் களைத்துவிடும். எங்கள் ஊரில் 5 கிகாஹெர்ட்ஸ் ஒரே அறைக்கானது என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுவரைவிட மோசமானது உலோகம். நான் சுவரையே திட்டிக்கொண்டிருந்தபோது, பங்காளி வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, அந்த அறை நிறைய அண்டாவும் குண்டானுமா அடுக்கி வச்சிருக்கு. அதுக்குள்ள காத்தே போகாது, உன் வைஃபை எங்க போகும்?" என்றார். எனக்கும் ரவுட்டருக்கும் நேர்கோட்டில் இருந்தது, நான்கு தலைமுறைச் சீர் சாமான் அடுக்கிய அறை. தரையிலிருந்து பரண் வரை பித்தளையும் எவர்சில்வரும். உலோகம் அலையைக் கடக்கவிடாமல் திருப்பி அடிக்கும் என்பதால், அந்த அறை ஒரு முழு உலோகச் சுவராகவே நின்றிருந்தது. இரும்புப் பெட்டகம், பீரோ, ரசம் பூசிய பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவற்றுக்கும் இதே குணம் உண்டு.

அதற்கு மாறாக, முற்றம் நமக்கு உதவும். வானம் பார்த்த வெளியில் அலைக்குத் தடையில்லை. ஐப்பசி மழை கொட்டினாலும் அவ்வளவு சிறிய தொலைவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்படாது. ஆகவே ரவுட்டரை முகப்பின் நிலைக்கு மேலிருந்து எடுத்து, வளவுத் தூண் ஒன்றின் மேற்பகுதியில், முற்றத்தைப் பார்த்தபடி, சாரல் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். ஃபைபர் கம்பியை நீட்ட முடியாவிட்டால் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, ரவுட்டரை மட்டும் லான் கேபிளால் உள்ளே கொண்டுவரலாம். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் கடைசிப் படியில் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள்.

மாற்றத்தை அளக்க, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு வைஃபை அனலைசர் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். அது சிக்னலை டிபிஎம் என்ற அலகில் எதிர்மறை எண்ணாகக் காட்டும்: -50 மிக நன்று, -67 வரை காணொளி அழைப்புக்குப் போதும், -80ஐ நெருங்கினால் அறுபடத் தொடங்கும். இன்னொரு சிறு விந்தை: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர்தான். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், மடிக்கணினியை நான்கு விரற்கடை நகர்த்தினாலே சிக்னல் மாறக்கூடும். மேசையை மாற்றும் முன் இதைச் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

படி 3: மடிக்கணினிக்குள்

ரவுட்டருக்கு அருகிலும் அறுகிறதென்றால், அப்போது மடிக்கணினியைச் சந்தேகியுங்கள். சின்ன மடிக்கணினிகளில் மலிவானவை பலவற்றில் ஒற்றை ஆன்டெனாவே இருக்கும். சிலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியே இராது.

முதலில் மின்சேமிப்பு. சிறிய பேட்டரியை நீட்டிக்க, சும்மா இருக்கும் நேரத்தில் வைஃபை அட்டையைத் தூங்க வைப்பது இவற்றின் வழக்கம். சில அட்டைகள் தூங்கியபின் ஒழுங்காக எழுவதில்லை. ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் உங்கள் வைஃபை அட்டையை இருமுறை சொடுக்குங்கள். பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் கட்டத்தில் உள்ள குறியை நீக்குங்கள். புதிய சில மடிக்கணினிகளில் இந்தப் பக்கம் இராது, அப்படியானால் விட்டுவிடலாம். சார்ஜரில் இருக்கும்போது நன்றாகவும் பேட்டரியில் மட்டும் மோசமாகவும் இருந்தால், காரணம் அனேகமாக இதுவே.

அடுத்தது கீல். மடிக்கணினியின் ஆன்டெனா பெரும்பாலும் திரையின் விளிம்பில் இருக்கும். அதன் மெல்லிய கம்பி, கீல் வழியாகக் கீழே இறங்கி அட்டையைச் சேரும். ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதில் அது நைந்து போவதுண்டு. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு சாய்வில் மட்டும் அறுகிறதென்றால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. கம்பியை மாற்ற வேண்டும், அல்லது யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருக வேண்டும். அடாப்டரை ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியில் செருகித் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உமிழும் என்பதால், பென்டிரைவுக்கு ஒட்டினாற்போல் அதைச் செருகுவது கூடாது.

விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாள் தொல்லை தொடங்கியிருந்தால், அதே டிவைஸ் மேனேஜரில் டிரைவர் என்ற பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் பொத்தான் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து அழுத்துங்கள். பழைய மடிக்கணினியாக இருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்தால், முழுதாக அணைத்துப் போடும்போது தேதி பல ஆண்டு பின்னுக்குப் போகும். பாதுகாப்புச் சான்றிதழ்களின் தேதி பொருந்தாததால் உலாவி எந்தத் தளத்தையும் திறக்க மறுக்கும். அதைப் பார்த்து இணையம் போய்விட்டதாக எண்ணுவோர் பலர்.

நெட்வொர்க் ரீசெட் என்ற பொத்தானைப் பற்றிப் பலர் முதலிலேயே சொல்வார்கள். அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களையெல்லாம் அழித்துவிடும். எல்லாம் பார்த்து முடித்த பிறகு தொடுங்கள்.

படி 4: ரவுட்டரின் அமைப்புகள்

உலாவியில் கேட்வே முகவரியைத் தட்டினால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வரும்; பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் தனித்தனிப் பெயர் கொடுங்கள். பழைய மடிக்கணினி இரண்டுக்கும் இடையே தாவித் தாவித்தான் அறுகிறதா என்பது அப்போது விளங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு, அலைவரிசையின் உட்பிரிவான சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் 12, 13 சேனல்களுக்கும் அனுமதி உண்டு என்றாலும், சில அட்டைகளுக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 என்றிருந்தால் 2 என மாற்றிப் பாருங்கள்.

சேனல் நெரிசலைப் பற்றி இணையத்தில் நிறையப் படிப்பீர்கள். அது சென்னை அடுக்ககத்துக்குப் பொருந்தும். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் எங்கள் தெருவில், அனலைசரில் என் ரவுட்டரைத் தவிர இன்னும் இரண்டுதான் தெரிகின்றன. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் மட்டும் நான்கு நாள் கதை வேறு.

படி 5: கடைசியில் கேபிள்

இவ்வளவும் செய்து இரண்டாம் கட்டில் -75க்கு மேலே ஏறவில்லையென்றால், அங்கே ஆக்சஸ் பாயின்ட் எனப்படும், வைஃபை அலையைப் பரப்பும் இன்னொரு பெட்டியை வைப்பதே தீர்வு. காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே கொடுக்கும் மலிவான ரிப்பீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே அலைவரிசையில் இரண்டு வேலையும் செய்வதால் வேகம் பாதியாகும், சாமான் அறையும் அப்படியே குறுக்கே நிற்கும். முகப்புப் பெட்டியிலிருந்து கேட் 6 கேபிள் ஒன்றை இழுத்து, அதன் மறுமுனையில் ஆக்சஸ் பாயின்ட்டை மாட்டுங்கள். அத்தகைய கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் நீளமான வீட்டுக்கும் போதுமானது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரை டிரில் போட்டு உதிர்க்க வேண்டாம். கதவு நிலைக்கு மேலுள்ள காற்றுப்போக்கி வழியாக நுழைத்து, முற்றத்துத் தாழ்வாரத்தின் ஓட்டு விளிம்புக்கு அடியில் ஓட்டிக்கொண்டு போகலாம். வெயில் படும் பகுதிக்கு வெளிப்புறப் பயன்பாட்டுக்கென விற்கும் கேபிளையே வாங்கி, முழு நீளத்தையும் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். நான் முதலில் குழாய் போடவில்லை; பத்தாம் நாள் அணில் கடித்துவிட்டது.