தேர்வுக்குப் பின் தேங்கிக் கிடந்ததை மீட்ட விதம்: என் அனுபவம்

தேர்வு முடிந்த மறுநாள் துணி மூட்டை, எழுதாத நோட்டு, தலைகீழான தூக்கம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். எனக்குக் கைகொடுத்த வரிசை: முதலில் துணி, அது ஊறும் நேரத்தில் நோட்டு.

ஈரத் துண்டோடு குவித்த துணியில் பாக்டீரியா பெருகி வாடை ஏறியிருக்கும். சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினால் போகாது. அலசலில் போகாத தூள் இழையில் தங்கி அழுக்கைப் பிடித்துவைக்கும். அரை வாளித் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி, அரை மணி ஊறல், 2 அலசல் போதும். சாயம் போகும் துணிக்குத் தனி வாளி. உலர்த்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டையை உள்புறம் திருப்பி, துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். காலர் மடிப்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் இருக்கிறது, மடிக்க வேண்டாம்.

நோட்டில் நடக்கும் தவறு, விட்ட முதல் வகுப்பிலிருந்து தொடங்குவது. அதை முடிப்பதற்குள் இன்றைய வகுப்பும் புரியாமல் பாக்கியில் சேர்ந்துவிடும். நாளைய வகுப்புக்குத் தேவையானதை முதலில் எடுத்துப் பின்னோக்கிப் போனதுதான் எனக்குப் பலித்தது. கணக்குக்கு மட்டும் இது ஒத்துவராது. அங்கே அடிப்படை விட்டால் அடுத்தது நிற்காது. நண்பரின் நோட்டைப் படம் எடுத்து வைப்பது படித்ததாகாது. வகுப்புக்கு 25 நிமிடம் படித்து, மூடிவைத்து, ஐந்து வரி சொந்தமாக எழுதுங்கள்.

தூக்கத்துக்கு, எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள். படுக்கும் நேரத்தை நாளுக்கு அரை மணி முன்னே நகர்த்தினால் போதும். பகல் தூக்கம் 20 நிமிடம், அலாரத்தோடு.