இறக்கை மாதிரியில் பிளாஸ்மா பட்டை ஒட்டுவது எப்படி

பிளாஸ்மா பட்டை என்பது இரண்டு தாமிர டேப்புகளுக்கு நடுவே மின்காப்பு வைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்து, பக்கத்துக் காற்றை மின்னேற்றித் தள்ளும் அமைப்பு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டை ஊதும் காற்றின் வேகம் நொடிக்குச் சில மீட்டர்தான், எதிரே வரும் காற்றோடு மல்லுக்கட்ட அது போதாது. இறக்கையின் மேற்பரப்பை விட்டுக் காற்று பிரிந்து போகிற இடத்துக்குச் சற்று முன்னால் லேசாகத் தள்ளிவிட்டால் காற்று மறுபடி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் இதன் வேலை. 1990களில் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் ரீஸ் ராத் குழு செய்து காட்டிய அமைப்பும் இதே அடிப்படைதான்.

மாதிரி பிளாஸ்டிக்காகவோ மரமாகவோ இருக்கட்டும், உலோகமும் கார்பன் ஃபைபரும் வேண்டாம். அடியில் ஒரு தாமிர டேப், அதன்மேல் மூன்று நான்கு அடுக்கு கேப்டான் டேப் (சூடு தாங்கும் மின்காப்பு டேப்), அதற்கும் மேலே காற்று வரும் பக்கமாகத் தள்ளி இன்னொரு மெல்லிய தாமிர டேப். மேல் டேப்பின் பின் விளிம்பும் கீழ் டேப்பின் முன் விளிம்பும் நேருக்கு நேர் வர வேண்டும். காற்று மேல் டேப்பிலிருந்து கீழ் டேப் இருக்கும் பக்கமாக ஓடும், மாற்றி ஒட்டினால் எதிர்த்திசையில் ஊதும் (எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு).

பொறுமை வேண்டியது ஒட்டுவதில்தான். டேப்புக்கு அடியில் ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் மின்னிறக்கம் அங்கேயே குவிந்து, சூடேறி, கேப்டானைத் துளைத்துவிடும், அதனால் பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் தேய்த்து ஒட்டுங்கள், டேப்பின் மூலைகளைக் கத்தரித்து வளைவாக்குங்கள்.

இரண்டு தாமிர டேப்புகளுக்கும் இடையே சில கிலோவோல்ட், சில கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் விளிம்பு நெடுக ஊதா ஒளி சீராகத் தெரியும். அங்கங்கே தனித்தனிப் பொறியாகத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். இது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம், தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள், அணைத்த பிறகும் தரையிணைப்புக் கோலால் மின்னை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். ஓசோன் வாடை வரும், அறையில் காற்றோட்டம் இருக்கட்டும்.

பலன் போதவில்லையென்றால் எல்லோரும் மின்னழுத்தத்தைத்தான் ஏற்றுவார்கள். அதற்கு முன் விட்டுவிட்டு இயக்கிப் பாருங்கள்: காற்றின் வேகத்தை இறக்கையின் அகலத்தால் (முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை) வகுத்தால் வருகிற எண்தான் நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதற்கு நல்ல தொடக்கம். 15 செ.மீ. அகலம், நொடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் சுமார் 67 ஹெர்ட்ஸ். மின்சாரமும் மிச்சம்.

அப்புறம், மேற்பரப்பில் சின்னச் சின்ன நூல்களை ஒட்டிவைத்து, அவை தாறுமாறாக அடித்துக்கொள்ளும்வரை இறக்கையின் கோணத்தை ஏற்றி, பட்டையை இயக்குங்கள். நூல்கள் படிந்து பின்பக்கம் நோக்கி நின்றால் சரி, இல்லையென்றால் பட்டையைப் பிய்த்து இன்னும் கொஞ்சம் முன்னால் ஒட்டுங்கள்.