கேட்டுக்கு பெயின்ட் அடிக்கும்போது செய்யும் தவறுகள்

எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு நாள் கேட்டின் அடிக்கம்பியில் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினேன். பளபளவென்றிருந்த கறுப்பு பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே செதில் செதிலாகத் துரு. பெயின்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்ததுதான் காரணம். இரும்பு துருவாக மாறும்போது உப்பிக்கொள்ளும். அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டையும் அது நெம்பித் தள்ளிவிடும். அதனால் கம்பி பிரஷ்ஷால் செதில்களை உதிர்த்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் இரும்பின் சாம்பல் நிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம் 120-ல் ஒரு முறை. வெல்டிங் மூட்டுகளையும், கிரில் சிமென்ட்டுக்குள் நுழையும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். அடிக்கம்பியின் கீழ்ப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. தரையில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள், துரு எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துவிடும்.

கடலோர வீடுகளில் தேய்ப்பதற்கு முன்பே கேட்டை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லில் இருந்து எடுத்துக் கழுவினால் பயனில்லை. படிந்த உப்பு பெயின்டுக்கு அடியில் போய்விட்டால் அங்கிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

தேய்த்த இரும்பை மறுநாளுக்கு விடக் கூடாது. டர்பன்டைனில் நனைத்த துணியால் தூசியும் பிசுக்கும் போகத் துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். பட்டறையிலிருந்து ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து செம்மண் நிறத்தில் வரும் புது கேட்டை, கிரகப்பிரவேசத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் மழையில் நிறுத்திவிடுகிறார்கள். ரெட் ஆக்சைடு வெறும் ப்ரைமர், அதாவது அடிப்பூச்சுதான். மேலே எனாமல் பெயின்ட் ஏறாவிட்டால் ஈரம் அதற்குள் இறங்கிவிடும்.

ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் விஷயம் வேறு. அதன் துத்தநாகப் பூச்சின் மேல் சாதாரண எனாமலை நேராக அடித்தால், இரண்டும் வினைபுரிந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். பெயின்ட் தாள் தாளாக உரியும். கடையில் ஜி.ஐ.-க்கான ப்ரைமர் என்றே கேட்டு வாங்குங்கள்.

பழைய வீடாக இருந்தால் இன்னொரு கவலை, ஈயம். வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். வாட்டர் பேப்பர் என்ற, நனைத்தாலும் கிழியாத உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

எனாமல் கெட்டியாக இருக்கிறதென்று மண்ணெண்ணெய், பெட்ரோல் கலப்பதும் நடக்கிறது. மண்ணெண்ணெய் பளபளப்பைக் கெடுக்கும், பெட்ரோல் தீப்பிடிக்கும். டர்பன்டைன் கொஞ்சம் போதும். மெல்லிசாக இரண்டு கோட் அடியுங்கள், நடுவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

பொங்கலுக்காக மார்கழியில் அடிப்பவர்கள் பனியை மறந்துவிடுகிறார்கள். சாயங்காலம் அடித்த எனாமல் காய்வதற்குள் பனி இறங்கினால், விடியும்போது மங்கிப் போயிருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் புது கோட் தொடங்க வேண்டாம். மீதியை மறுநாள், கம்பியைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டாத நேரம் பார்த்து அடிக்கலாம்.