பினாங்குச் சண்டை மீனின் மைட்டோகாண்ட்ரியா வளையம்: கோப்பு வந்த பிறகு என்ன செய்வது?

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வளையமாகக் கிடக்கும் டிஎன்ஏவைக் கணினியில் கோத்தெடுப்பது பற்றியது இது. டிஎன்ஏ பிரித்தாயிற்று, வரிசையாக்கமும் (எழுத்து வரிசையைப் படிப்பது) முடிந்து கோப்புகள் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆய்வகப் பக்குவம் இங்கே கிடையாது. ஒன்றே ஒன்று: துடுப்புத் துண்டை ஃபார்மலினில் போடாதீர்கள்; டிஎன்ஏ பாழாகிவிடும். 95 சதவீத எத்தனால்தான் சரி.

நான் எடுத்துக்கொண்டது பேட்டா பக்னாக்ஸ். நம் ஊர் மீன். 1849இல் கேன்டர் இதை விவரித்ததே பினாங்கு மாதிரியை வைத்துத்தான். கடையில் கண்ணாடிக் குவளைக்குள் சிலிர்த்து நிற்கிறதே, அந்தச் சண்டை மீனுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் இது நுரைக்கூடு கட்டாது. ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போன சிறுவயதில் ஓடைக்குள் கைவிட்டுத் துழாவியிருக்கிறேன். அன்று விரலிடுக்கில் நழுவியது இதுதானா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

முதல் படி, ஃபாஸ்ட்பி என்ற மென்பொருளைக் கொண்டு தரம் குறைந்த துண்டுகளைக் கழித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது கோப்பது, அதாவது துண்டுகளை ஒட்டி ஒரே வரிசையாக்குவது. முழு மரபணுத்தொகைக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு செல்லில் அணுக்கரு டிஎன்ஏ இரண்டு பிரதிதான். மைட்டோகாண்ட்ரியா வளையமோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. ஆகவே மேலோட்டமான வரிசையாக்கமே போதும். நோவோபிளாஸ்டியும் நல்ல கருவிதான், ஆனால் அதற்குத் தொடக்க விதையை, அதாவது ஏற்கெனவே தெரிந்த ஒரு வரிசைத் துண்டை, நாம் தேடிக் கொடுக்க வேண்டும். எனக்கு இன்னொரு கோப்புக் கருவியான கெட்ஆர்கனெல் பிடிக்கும். விலங்கு மைட்டோகாண்ட்ரியா என்று சொல்லிவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். கிடைக்கும் வளையம் ஏறத்தாழ 16,500 எழுத்து நீளம் இருக்க வேண்டும். வரிக்குதிரை மீனுக்கு 16,596, கெண்டைக்கு 16,575. வளையம் மூடவில்லையென்றால் பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பகுதியில் (புரத மரபணு இல்லாத நீட்சி) திரும்பத் திரும்ப வரும் துண்டுகளே காரணம்.

பிறகு மரபணுக்களைக் குறிக்க வேண்டும். மீனுக்கென்றே டோக்கியோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய மைட்டோஆனோட்டேட்டர் என்ற கருவி இருக்கும்போது வேறெதற்கும் போகாதீர்கள். 13 புரத மரபணுக்கள், புரதம் கட்ட உதவும் ஆர்என்ஏக்களுக்கானவை 22 டிஆர்என்ஏ, 2 ஆர்ஆர்என்ஏ: 37ம் வந்தனவா என்று எண்ணிப் பாருங்கள்.

இனி வருவதுதான் நான் ஒரு வாரம் தொலைத்த இடம். அந்தப் 13இல் ஒன்றான காக்ஸ்-1 மரபணுவைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். நடுநடுவே நிறுத்தக் குறிகள், அதாவது புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்துகள். அணுக்கருவுக்குள் என்றோ குடியேறிச் செத்துப்போன பிரதியைத்தான் பிடித்துவிட்டேன் என்று முடிவுகட்டி, மூன்று முறை திரும்பக் கோத்தேன். மூன்று முறையும் அதே வரிசை. பக்கத்து மேசைத் தங்கை எட்டிப் பார்த்து, "அண்ணா, எந்த அட்டவணை போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அட்டவணையா?

எந்த மூன்றெழுத்துக் குறிக்கு எந்த அமினோ அமிலம் என்று சொல்லும் பட்டியல்தான் அது. மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வது 1ஆம் அட்டவணை, அணுக்கருவுக்கு உரியது. முதுகெலும்புள்ள விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு 2ஆம் அட்டவணை. அதில் டிஜிஏ நிறுத்தக் குறியல்ல, டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். ஏடிஏ மெத்தியோனின். மறுபுறம், ஏஜிஏவும் ஏஜிஜியும் ஆர்ஜினின் ஆகாமல் நிறுத்தக் குறிகளாகிவிடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா தன் சொந்த டிஆர்என்ஏக்களைக் கொண்டு படிப்பதால் வந்த வேறுபாடு இது. உங்கள் நிறுத்தங்கள் எல்லாமே டிஜிஏவில் விழுந்தால் வரிசையைச் சந்தேகிக்காதீர்கள், அட்டவணையை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் நடுவில் நின்றால் மட்டுமே செத்த பிரதியையோ வாசிப்புப் பிழையையோ தேடுங்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் மூவர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். காக்ஸ்-1 ஏடிஜியில் தொடங்காமல் ஜிடிஜியில் தொடங்குகிறதே? மீன்களில் அது வழக்கம்தான். முடிவில் வெறும் டி அல்லது டிஏ மட்டும் நிற்கிறதே? ஆர்என்ஏவின் வாலில் சேரும் ஏக்கள் குறியை நிறைவு செய்துவிடும். அடுத்த மரபணுவிலிருந்து எழுத்தைக் கடன் வாங்காதீர்கள். ஏடிபி-8, ஏடிபி-6 மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதும் இயல்பே, பிரிக்க வேண்டாம். என்டி-6 மரபணு மட்டும் புரியாத புரதமாக வருகிறது என்றால், அது எதிர் இழையில் இருக்கிறது, திருப்பிப் படியுங்கள்.

கடைசியாகப் பரிணாம மரம். 13 மரபணுக்களையும் புரத அளவில் வரிசைப்படுத்தி, டிஎன்ஏவுக்குத் திரும்பி, மரம் வரையும் மென்பொருளான ஐக்யூ-ட்ரீயிடம் கொடுங்கள். ஒவ்வொரு குறியின் மூன்றாம் எழுத்தும் விரைந்து மாறுவது. நெருங்கிய இனங்களைப் பிரிக்க அது உதவும். தொலைதூர உறவுக்குப் போனால் மாற்றத்தின்மேல் மாற்றம் படிந்து குழப்பும். நான் அங்கே அதை நீக்கிவிடுவேன்.

பேட்டா இம்பெல்லிஸ் என்ற இன்னொரு காட்டுச் சண்டை மீனை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். தொட்டியிலிருந்து வெளியே விடப்பட்ட கடைச் சண்டை மீன்கள் அதனோடு கலப்பதுண்டு. இந்த வளையம் தாய்வழி மட்டுமே வருவது. தகப்பன் கடை மீனாக இருந்தாலும் மரம் வாய் திறக்காது. அணுக்கரு மரபணு ஒன்றிரண்டையாவது சேர்த்துப் பார்த்துவிட்டு இனப்பெயரை எழுதுங்கள்.